எட்டுப் பேர், ஒரு மலை ஓடை, மூன்று வேளை

எட்டுப் பேர் போகிறீர்கள், அதில் இரண்டு பேர்தான் முன்பு தூண்டில் போட்டவர்கள், வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் திரும்ப வேண்டும், மலையில் கூடாரம் அடித்துத் தங்கி ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டும், என்னென்ன வாங்குவது, திட்டத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கும் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இப்படிப்பட்ட பயணங்கள் சொதப்புவது பெரும்பாலும் பொருள் குறைவதால் இல்லை, நேரம் கைநழுவிப் போவதால்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் மலை ஓடைகளில் ட்ரவுட் நன்றாக இரை எடுப்பது விடியலிலிருந்து காலை 9, 10 மணி வரை, அப்புறம் வெயில் சாய்ந்ததிலிருந்து இருட்டும் வரை. வெள்ளி மாலை சாலையிலேயே கழிந்துவிடும், ஞாயிறு மாலையும் அப்படித்தான். மிச்சம் சனி காலை, சனி மாலை, ஞாயிறு காலை. மூன்றே வேளை. இதில் முதல் வேளையைக் கிட்டத்தட்ட எல்லாக் குழுக்களும் தொலைத்துவிடுகின்றன: இரவு 11 மணிக்குப் போய்ச் சேர்ந்து, டார்ச் வெளிச்சத்தில் கூடாரக் கம்பிகளோடு மல்லுக்கட்டி, 2 மணிக்குத் தூங்கி, 8 மணிக்கு எழுந்து, யாருடைய ரீலில் தூண்டில் நரம்பு சுற்றவில்லை, யார் உரிமம் எடுக்கவில்லை என்று பேசி முடித்துத் தண்ணீருக்குப் போகும்போது உச்சி வெயில். அந்த நேரத்தில் மீன் ஆழத்திலோ பாறை நிழலிலோ ஒதுங்கிக் கிடக்கும். மூன்று மணி நேரம் சும்மா தூண்டிலை வீசிவிட்டு "இந்த ஓடையில் மீனே இல்லை" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

அதனால் நான் சொல்லும் மற்ற எல்லாமே, இடம் தேர்வதிலிருந்து அடுப்பு வரை, அந்த மூன்று வேளையையும் காப்பாற்றத்தான்.

ட்ரவுட் ஏன் இப்படி நேரம் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அது குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது சுறுசுறுப்பாக மேயும், 5 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும், 20ஐத் தாண்டினால் திணறும், 25க்குப் பக்கத்தில் போனால் உயிருக்கே ஆபத்து. காரணம் ஆக்சிஜன். கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும், 20 டிகிரியில் அது 9 ஆகிவிடும். தண்ணீர் சூடாக ஆக மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. 1864இல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு முதன்முதலாக பிரவுன் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுபோனபோது ஈரப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டி அடுக்கி, குளிர் குறையாமல் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முட்டைப் பருவத்திலிருந்தே குளிர் இல்லாமல் ஆகாத மீன் இது. ஐரோப்பாவின் பிரவுன் ட்ரவுட்டும் பசிபிக் கரையோரத்து ரெயின்போ ட்ரவுட்டும் இப்படிக் கொண்டுபோய் விடப்பட்டுத்தான் உலகின் பல மலைகளில் இன்று இருக்கின்றன.

ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி ஒரு சாதாரண நீர் வெப்பமானி. 20 டிகிரி காட்டினால் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுங்கள், பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் மீன் பிழைப்பது சந்தேகம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் தொடர்ந்து மூன்று நாள் ஆற்று நீர் சுமார் 23 டிகிரியைத் தொட்டால் பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடும் வழக்கம் இருக்கிறது. தடை இல்லாத ஊரிலும் இதே கணக்கை நீங்களாகவே வைத்துக்கொள்வது நல்லது.

பருவம் மாறினால் இந்த நேரமும் தலைகீழாகும். வசந்தத்தின் தொடக்கத்திலும் இலையுதிர் காலத்தின் கடைசியிலும் விடியற்காலைத் தண்ணீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கும், அப்போது 11 மணியிலிருந்து 3 மணி வரைதான் நல்ல நேரம். அந்தக் காலத்தில் போகிறவர்கள் விடியற்காலை 4 மணிக்கு அலாரம் வைத்து எல்லாரையும் வதைக்க வேண்டியதில்லை. பனி உருகும் மலையாக இருந்தால் இன்னொரு விஷயம்: பகல் வெயிலில் உருகிய நீர் மாலையிலும் இரவிலும் வந்து சேரும், ஓடை அப்போது பெருத்து கலங்கியிருக்கும், காலையில் வற்றித் தெளிந்திருக்கும். உருகல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் போகவே வேண்டாம் என்பேன், ஏரிப் பக்கம் வேண்டுமானால் போகலாம்.

இப்போது இடம். எல்லாரும் தேடுவது "அங்கேதான் பெரிய மீன் இருக்கிறது" என்று யாரோ சொன்ன இடம். எட்டுப் பேருக்கு அது சரிப்படாது. உங்களுக்கு வேண்டியது நீளம். மலை ஓடை சிறியது, ஒரு மடுவில் ஒருவர் நின்று நாலு முறை வீசினாலே அங்கிருக்கும் மீன் உஷாராகிவிடும், பிறகு நன்றாக ஒரு மணி நேரமாவது அதை விட்டுவைக்க வேண்டும். இரண்டிரண்டு பேராகப் பிரிந்தால் நான்கு ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் அரை கிலோமீட்டராவது தனி ஓட்டம் இருந்தால்தான் யார் காலையும் யாரும் மிதிக்காமல் இருக்கலாம். அதாவது கரையோரம் நடக்கக்கூடிய இரண்டு கிலோமீட்டர் ஓடை. பக்கத்தில் ஒரு ஏரியும் அதற்குள் விழும் ஓடையும் இருந்தால் இன்னும் நல்லது. முதல்முறை தூண்டில் பிடிப்பவர்களுக்கு ஏரிக்கரை வசதி: பின்னால் மரம் இல்லாத திறந்த இடம் கிடைக்கும், நரம்பு கிளையில் மாட்டாது, ஓடை வந்து விழும் வாயிலும் ஏரி வழிந்து வெளியேறும் இடத்திலும் மீன் இரைக்காகக் காத்திருக்கும்.

உயரத்தையும் பாருங்கள். தாழ்ந்த நிலத்திலிருந்து ஒரே நாளில் ஏறி 2,500 மீட்டருக்கு மேல் முதல் இரவைக் கழித்தால் குழுவில் ஒருவருக்காவது தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். வார இறுதிப் பயணத்தில் உடம்பு அந்த உயரத்துக்குப் பழக அவகாசமே இல்லை. முகாமை அதற்குக் கீழே வையுங்கள், மீனுக்கு வேண்டுமானால் பகலில் மேலே ஏறி இறங்கலாம். தலைவலியோடு தள்ளாட்டமோ மனக் குழப்பமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே கீழே இறக்கிவிடுங்கள்.

அப்புறம் வெள்ளிக்கிழமைப் பயண தூரம். கூடாரத்தை வெளிச்சத்தில் அடிக்க முடிகிற தூரத்தில் உள்ள இடமே உங்களுக்குச் சரியான இடம். அப்படி முடியாது என்றால் வெள்ளி இரவு வழியிலேயே எங்காவது கூரைக்கடியில் தூங்கிவிட்டு, சனிக்கிழமை விடியும் முன் கிளம்பி நேரே தண்ணீருக்குப் போங்கள், கூடாரத்தை மதியம் அடித்துக்கொள்ளலாம். மதியம்தான் மீன் தூங்குகிற மாதிரி இருக்கிறதே.

விதிகளை ஒரே ஒருவரிடம் ஒப்படையுங்கள். எட்டுப் பேரும் பார்ப்பார்கள் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். அவர் அந்த நீர்நிலைக்குப் பொறுப்பான துறையின் அந்த ஆண்டு விதிகளை எடுத்துப் படிக்க வேண்டும், பழைய ஆண்டு விதி உதவாது. உரிமம் தலைக்கு ஒன்றா, நாள் கணக்கா, எந்த வயதிலிருந்து வேண்டும், பருவம் திறந்திருக்கிறதா, எத்தனை மீன், எவ்வளவு நீளத்துக்கு மேல், உயிர் இரை போடலாமா, ஃபிளை என்ற, பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை மட்டும்தானா, எதிர்முள் உள்ள தூண்டில் முள்ளுக்குத் தடை உண்டா, இரவில் பிடிக்கலாமா. "நான் சும்மா ஐந்து நிமிடம் பிடித்துப் பார்க்கிறேன்" என்று நண்பரின் தூண்டில் கோலை வாங்கி வீசுபவருக்கும் பெரும்பாலான இடங்களில் உரிமம் வேண்டும். இன்னொன்று, எண்ணிக்கை வரம்பு ஆளுக்கு என்று இருக்கும். ஒருவர் நிறையப் பிடித்து மற்றவர் கணக்கில் எழுதுவது பல இடங்களில் குற்றம். முகாம் அனுமதி தனி, நெருப்பு அனுமதி தனி, சில காப்புக் காடுகளில் ஒரு குழுவில் இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பும் இருக்கும். அனுமதிகளின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள், மலையில் போன் ஏமாற்றும்.

முட்டையிடும் காலத்தையும் அவரே பார்த்துவிடட்டும். பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடும், ரெயின்போ பொதுவாக வசந்தத்தில். ஆழமில்லாத ஓட்டத்தில் சரளைக்கல் தரையில் ஒரு திட்டு மட்டும் பாசி இல்லாமல் துடைத்துவிட்டது போல் வெளுத்துத் தெரிந்தால் அது முட்டைக் குழி. அதன் மேல் கால் வைக்காதீர்கள், அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டிலும் போடாதீர்கள்.

சரி, எட்டுப் பேர் தண்ணீருக்குப் போவது எப்படி? வரிசையாக நின்று வீசுவது குளத்துக்குச் சரி, ஓடைக்கு ஆகவே ஆகாது. தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று ஜோடி போடலாம் என்றால் உங்களிடம் தெரிந்தவர் இரண்டே பேர். அதனால் சனி காலை வேளையை இப்படிப் பிரியுங்கள்: அனுபவமுள்ள இருவரும் ஆளுக்கு இரண்டு புதியவர்களை அழைத்துக்கொண்டு ஏரிப் பக்கமோ அகலமான ஓட்டத்துக்கோ போகட்டும், அந்த வேளையில் அவர்கள் சொல்லிக்கொடுக்க மட்டும் செய்யட்டும். மிச்சம் இருக்கும் இருவர் முகாமைப் பார்த்துக்கொண்டு மாலையில் தங்கள் முறையை எடுத்துக்கொள்ளலாம். அனுபவசாலிகளுக்கு இது தியாகம்தான், அதனால் ஞாயிறு காலை முழுவதையும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள், யாரும் கூடப் போக வேண்டாம். இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்யாவிட்டால் சனி மதியம் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

ஜோடிகள் ஓடையில் போகும்போது கீழிருந்து மேலாகப் போக வேண்டும். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து, மேல்பக்கம் பார்த்தபடி நிற்கும், அடித்து வரும் பூச்சியை அங்கேயே நின்று வாங்கிக்கொள்ளும். பின்னாலிருந்து போனால் உங்களைக் காண்பது கடினம். அதற்கு மேலே தெரியும் உலகம் சுமார் 97 டிகிரிக் கூம்பு வழியாகத்தான் தெரிகிறது, ஒளி நீருக்குள் வளைவதால் வரும் விளைவு இது. தாழக் குனிந்து வருபவர் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கித் தெரிவார், கரைமேட்டில் நிமிர்ந்து நிற்பவர் பளிச்சென்று தெரிவார். குனிந்து போங்கள், நிழல் தண்ணீரில் விழாமல் பாருங்கள், கல்லை உருட்டாதீர்கள். பேச்சுச் சத்தம் அவ்வளவாகக் கெடுக்காது, காலடி அதிர்வுதான் கெடுக்கும். ஒரு ஜோடி ஏற்கெனவே ஓடையில் இருந்தால் அவர்களுக்கு மேலே போய்த் தண்ணீரில் இறங்காதீர்கள், அவர்கள் ஏறி வரும் வழி அது. கரையிலிருந்து நன்றாக விலகிச் சுற்றிப்போய், அவர்களுடைய அரை கிலோமீட்டரைத் தாண்டி இறங்குங்கள். வெளியாள் யாராவது அங்கே இருந்தாலும் இதே மரியாதைதான்.

எங்கே வீசுவது என்று புதியவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் கோடு. மீன் மெதுவான பக்கம் நின்று சக்தியைச் சேமிக்கும், வேகமான பக்கம் அதற்குச் சாப்பாட்டைக் கொண்டுவரும். பாறைக்கு முன்னும் பின்னும், அருவி விழுந்து நுரைக்கும் மடுவின் ஓரம், மர வேர்களுக்குக் கீழே கரை குடைந்திருக்கும் இடம், மடு முடிந்து மறுபடி ஆழம் குறையும் வால்பகுதி. முதல் வீச்சு எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். எடுத்த எடுப்பில் நட்டநடு மடுவுக்கு வீசினால் காலடியில் நிற்கும் மீன் ஓடி மற்றவற்றையும் கிளப்பிவிடும்.

கருவிகளுக்கு வருவோம். ஃபிளை தூண்டில் அழகான கலை, மறுக்கவில்லை, ஆனால் ஒரு வார இறுதியில் ஆறு பேருக்கு அதைக் கற்றுக்கொடுத்து மீனும் பிடிக்க வைப்பது நடக்காத காரியம். புதியவர்களுக்கு ஐந்தரை முதல் ஆறரை அடி நீளமுள்ள மெல்லிய ஸ்பின்னிங் கோல், சின்ன ரீல், 4 முதல் 6 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு, 2 முதல் 5 கிராம் எடையுள்ள ஸ்பின்னரும் சின்ன ஸ்பூனும் (இரண்டும் நீரில் இழுக்கும்போது மினுங்கி மீனை ஈர்க்கும் உலோகச் செயற்கை இரைகள்). இவ்வளவுதான். தடித்த நரம்பு போட்டால் தெளிந்த நீரில் மீன் பார்த்துவிடும், இலேசான ஸ்பின்னரும் தூரம் போகாது. எட்டுப் பேருக்கு எட்டுக் கோல் வேண்டாம், ஒரே வேளையில் தண்ணீரில் இருப்பது ஆறு பேர்தானே, ஐந்தாறு போதும். ஆனால் ஸ்பின்னர்கள் தாராளமாக இருக்கட்டும், புதியவர் கையில் முதல் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு பாறையிலும் ஒன்று மரத்திலும் போகும்.

பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இரண்டு பொருள் போலரைஸ்டு கண்ணாடியும் நல்ல பூட்ஸும். கண்ணாடி நீரின் பளபளப்பை அறுத்து அடியைக் காட்டும் என்பது ஒரு லாபம், பக்கத்தில் நிற்கும் புதியவர் பின்னால் வீசும் முள் கண்ணில் ஏறாது என்பது அதைவிடப் பெரிய லாபம். கண்ணாடி இல்லாதவரைத் தூண்டில் பக்கம் விடவே வேண்டாம்.

எல்லா முள்ளிலும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நுனிக்குக் கீழே பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அந்தச் சின்ன முள் மீன் கழலாமல் இருக்கத்தான், ஆனால் நரம்பைத் தளர விடாமல் வைத்திருந்தால் அது இல்லாமலும் மீன் நிற்கும். நசுக்கிய முள் மீன் வாயிலிருந்தும் நண்பன் விரலிலிருந்தும் வந்த வழியே எளிதாக வரும். நசுக்காத முள் விரலில் ஏறிவிட்டால் ஒரு வழி இருக்கிறது: முள்ளின் வளைவில் தடித்த நூலைச் சுற்றிக்கொண்டு, நரம்பு கட்டும் கண் பகுதியைத் தோலோடு அழுத்திப் பிடித்து, நூலைத் தோலுக்கு இணையாக ஒரே வெட்டில் இழுப்பது. முகம், கண், கழுத்துப் பக்கம் என்றால் தொடாமல் மருத்துவரிடம் போவது மட்டுமே வழி.

பிடித்த மீனை விடுவதா சாப்பிடுவதா என்பதைக் கோலைத் தொடும் முன்பே முடிவு செய்யுங்கள். விடுவதாக இருந்தால் வேகமாக விடுங்கள். 1992இல் கனடாவில் வெளியான ஒரு ஆய்வில் ரெயின்போ ட்ரவுட்டுகளைக் களைக்கும்வரை துரத்திவிட்டுப் பார்த்தார்கள். நீரிலேயே இருந்தவற்றில் 12 சதவீதம் செத்தன, 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம், 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதம். எட்டுப் பேர் குழுவில் ஒரு மீன் கிடைத்தால் எட்டுப் போன் வெளியே வரும் என்பதை நினைத்துக்கொண்டு அந்த எண்களை மறுபடி படியுங்கள். மீன் தண்ணீருக்குள் கைவலையிலேயே இருக்கட்டும், கேமரா தயாரானதும் ஐந்து விநாடி தூக்கி ஒரு படம், உடனே திரும்ப நீருக்குள். தொடும் முன் கையை நனையுங்கள், காய்ந்த கை அதன் வழுவழுப்புப் பூச்சை உரித்துவிடும். செவுளில் விரல் விடாதீர்கள். ஓட்டத்தைப் பார்த்தபடி பிடித்திருந்து அதுவாக நழுவிப் போகும்வரை காத்திருங்கள். மண்புழு போட்டுப் பிடித்தால் மீன் முள்ளை ஆழமாக விழுங்கும், அப்போது தோண்டி எடுக்காமல் நரம்பை அறுத்துவிடுங்கள். விடுவதற்காகப் பிடிக்கிறவர்கள் புழுவையே தவிர்க்கலாம்.

சாப்பிடுவதாக இருந்தால் கரையேற்றியதும் தலையில் ஒரே அடியாக அடித்துக் கொன்று, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கறுத்த ரத்தக் கோட்டை நகத்தால் சுரண்டிக் கழுவிப் பனிக்கட்டிக்குள் வையுங்கள். வெயிலில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட ட்ரவுட் இரண்டு மணி நேரத்தில் கூழாகிவிடும். இரவுச் சாப்பாட்டை மீனை நம்பித் திட்டமிடாதீர்கள். கிடைத்தால் கூடுதல், அவ்வளவே.

முகாம் பற்றிக் கொஞ்சம். தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கூடாரம் அடியுங்கள். ஓடை அசுத்தமாகாது, விலங்குகள் தண்ணீர் குடிக்க வழி கிடைக்கும், இரவில் மேலே எங்கோ பெய்த மழைக்கு ஓடை பொங்கினால் நீங்கள் மிதக்கவும் மாட்டீர்கள். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கும், கொஞ்சம் மேடான திட்டு கதகதப்பாக இருக்கும். தலைக்கு மேல் காய்ந்த மரமோ முறிந்து தொங்கும் கிளையோ இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கழிப்பறை இல்லாத இடமானால் அதே 60 மீட்டர் தள்ளி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும், தாளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எட்டுப் பேர் இரண்டு இரவு என்பதால் சிறு மண்வெட்டி கட்டாயம்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கீழே சட்டையோடு கிளம்பியவர்கள் மேலே நடுங்குவது இதனால்தான். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு எண் போட்டிருக்கும், அதில் 'கம்ஃபர்ட்' என்ற எண்ணைப் பாருங்கள், 'லிமிட்' என்பது விடியவிடிய உருண்டுகொண்டிருப்பவரின் எண். தரை மெத்தை இல்லாமல் எவ்வளவு நல்ல பேக்கும் பிரயோஜனமில்லை, உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். தூங்காத ஆள் விடியலில் எழுந்திருக்கமாட்டார், ஒரு வேளை போயிற்று.

அடுப்பும் அப்படித்தான். சாதாரண பியூட்டேன் உருளை சுமார் 0 டிகிரியில் வாயுவாக மாறுவதையே நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 வரை தாங்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. குளிர் மலைக்கு ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த உருளையை வாங்குங்கள், இரவில் அதைக் குளிரில் விடாமல் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் தாங்காமல் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோனால் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொன்றுவிடும், இதில் விதிவிலக்கு எதுவும் கிடையாது. விடியற்காலை சமையலே வேண்டாம்: ஃபிளாஸ்க்கில் முந்தைய இரவே சுடச்சுட ஏதாவது ஊற்றி வைத்துவிட்டால் எழுந்ததும் குடித்துவிட்டுத் தண்ணீருக்குப் போய்விடலாம், முழுச் சாப்பாடு 10 மணிக்குத் திரும்பி வந்து நிதானமாகச் செய்யலாம்.

ஓடை எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அப்படியே குடிக்காதீர்கள், ஜியார்டியா போன்ற கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம் கொதிக்க வையுங்கள், உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் இந்தக் கூடுதல் நேரம். எட்டுப் பேருக்குக் கொதிக்க வைத்தே மாளாது, புவியீர்ப்பில் தானாக வடியும் பெரிய வடிகட்டி ஒன்று கொண்டுபோங்கள். உணவும் பற்பசையும் மீன் வாடையுள்ள துணியும் கூடாரத்துக்குள் வேண்டாம். கரடி உள்ள மலையானால் மூடிய உணவுப் பெட்டியைக் கூடாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி வையுங்கள், மீன் குடலை என்ன செய்வது என்று அந்த இடத்து விதியைக் கேளுங்கள்.

பயப்பட வேண்டியவை மூன்று. முதலாவது நீர். வேகமான ஓட்டத்தில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், கடக்க வேண்டுமானால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு தடியை ஊன்றி, மேலோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள். விழுந்துவிட்டால் எழ முயலாமல் மல்லாந்து காலை முன்னால் நீட்டி மிதந்து கரை சேருங்கள், பாறை இடுக்கில் கால் மாட்டுவதுதான் ஆளைக் கொல்லும். தெளிந்த ஓடை திடீரென்று கலங்கினாலோ சருகுகள் அடித்து வந்தாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். இரண்டாவது மின்னல். மலையில் கோடைப் பிற்பகலில் இடி கட்டும், கார்பன் கோல் மின்சாரம் கடத்தும். முதல் இடிக்கே கோலைக் கீழே வைத்துத் தண்ணீரை விட்டு வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். மூன்றாவது ஈரக் குளிர். நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டைப் பிடுங்கும். ஒருவர் நடுங்கிக்கொண்டே வார்த்தை குழறினால் ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த உடை போட்டு, போர்த்தி, இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள், மது கொடுக்காதீர்கள். மதுவைப் பற்றி ஒரே ஒரு வரி: கடைசித் தூண்டில் சுருட்டிய பிறகு, தண்ணீர் ஓரத்தில் இல்லாமல்.

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணி தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைக் கீழே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு விசில், மூன்று முறை ஊதினால் உதவி என்று அர்த்தம். வரைபடத்தை போனில் முன்பே இறக்கி வையுங்கள், சிக்னல் இருக்காது.

மதிய நேரத்தைக் கட்டாயமாகச் சும்மா விடுங்கள். எல்லாரும் சேர்ந்து இருக்கும் நேரம் அதுதான்: தூக்கம், சீட்டு, முடிச்சுப் போடப் பழகுவது, மாலைக்கு எந்த ஜோடி எந்தப் பக்கம் என்று பேசுவது. மீன் பிடிக்க ஆசையே இல்லாமல் கூட வருபவர் ஒருவராவது எந்தக் குழுவிலும் இருப்பார், அவரிடம் முகாமை ஒப்படைத்தால் சந்தோஷமாகச் செய்வார், ஆனால் பாத்திரம் கழுவுவதையும் அவர் தலையில் கட்டாதீர்கள். செலவுக்கு முன்கூட்டியே சமமாக வசூலித்து ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மலை இறங்கிய பிறகு கணக்குப் பார்த்தால் நட்பு தேயும். கடைசி நேரத்தில் வராமல் நின்றுவிடுபவருக்குப் பணம் திரும்ப உண்டா இல்லையா என்பதையும் வசூலிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு 10 மணிக்குத் தூண்டில் நிறுத்தம், 1 மணிக்கு வண்டி நகர வேண்டும். அறுந்த நரம்புத் துண்டுகளைப் பொறுக்குங்கள், பறவைக் காலில் சுற்றினால் அது அறுக்காமல் கழலாது. கிளம்பும் முன் பூட்ஸிலும் வலையிலும் ஒட்டிய சேறு, பாசி எல்லாவற்றையும் அந்த ஓடைக்கரையிலேயே உரசிக் கழுவுங்கள். ஒரு நீர்நிலையின் பாசியும் மீன் நோயும் இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் நம் காலில் ஒட்டித்தான். நியூசிலாந்தில் டிடிமோ என்ற பாசி 2004இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும் கம்பளி அடிப்பாகம் கொண்ட பூட்ஸையே 2008இல் தடை செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தையும் பூட்ஸையும் பையிலிருந்து எடுத்து விரித்துவிடுங்கள். தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகு இன்னும் 48 மணி நேரம் விட்டுவைத்து, அப்புறம் அடுத்த ஓடைக்கு எடுத்துப்போகலாம்.